பேர் எழுதிப் போட்ட ஓட்டு

அப்பாவை அடக்கம் பண்ணின அன்று பெட்டி சேற்றில் விழுந்தது. அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சின்னமனூரிலிருந்து அனுமந்தன்பட்டி போகிற பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. ஆற்றுப் பாசனம். ரெண்டு போகம் நெல். ஊரின் மேற்குக் கடைசியில் எங்கள் தெரு. முப்பது வீடு, ஓடு போட்ட ஒரு கோயில். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் வேதக்காரத் தெரு என்பார்கள். கோயில் வாசலில் நின்று பார்த்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். நாலு பனைமரம் நிற்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நடுவில் வயல்.

வயலை ஒட்டி ஒரு வாய்க்கால். வாய்க்கால் கரைதான் எங்கள் பாதை. ஒரு காலத்தில் அதில் மாட்டுவண்டி போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. வயல்காரர் வருசா வருசம் கரையை மண்வெட்டியால் சீவி வயலோடு சேர்த்தார். நான் தலையெடுத்தபோது ஒரு ஆள் நடக்கிற வரப்பு மட்டும் மிச்சம். பெட்டி தூக்கினால் ரெண்டு பேர் வரப்பில் நடப்பார்கள், ரெண்டு பேர் வயலில் இறங்கி நடப்பார்கள்.

அப்பா செத்தது ஐப்பசி மாதம். விடாத மழை. வயலில் இறங்கினவன் நான். முழங்கால் வரை சேறு. கால் வழுக்கிவிட்டது. பெட்டி சாய்ந்து விழுந்தது. ஆணி பிடித்துக்கொண்டதால் மூடி திறக்கவில்லை. அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள். வந்து முந்தானையால் பெட்டியின் சேற்றைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மழையும் கழுவிற்று. 

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு அம்மா சொன்னாள்.

"எனக்கு இந்த மாதிரி ஆகக் கூடாதுப்பா."

"ஆகாதும்மா. பாதை வந்துரும்."

"யாரு கொண்டாருவா?"



நான் ஐந்தாவதோடு நின்றவன். சின்னமனூரில் வாழைத்தார் லோடு ஏற்றுகிற வேலை. பகலெல்லாம் "ஏலே தூக்கு", "ஏலே இறக்கு" என்பதுதான் காதில் விழும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான். ஆம்பளைகள் லோடு ஏற்றுவார்கள், பொம்பளைகள் நாற்று நடுவார்கள், களை எடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி. கோயிலில் வாலிபர் சங்கம் என்று ஒன்று இருந்தது. சாயங்காலம் கூடுவோம். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர். கல்யாணமான பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். மேகமலைப் பக்கமிருந்து காற்று ஜன்னல் வழியாக வரும். பாட்டு, ஜெபம், அப்புறம் கூட்டம். கூட்டத்தில் எழுந்து நின்றுதான் பேச வேண்டும். ஒருத்தர் முன்மொழிய வேண்டும். ஒருத்தர் வழிமொழிய வேண்டும். கிறிஸ்மஸ் பஜனைக்குப் பெட்ரோமாக்ஸ் ரெண்டு எடுப்பதா மூன்று எடுப்பதா என்பதற்கும் அதே முறைதான். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் முதல் சேவலை யார் ஏலம் விடுவது என்பதற்கும் அதேதான். ஒரு தடவை அசன விருந்துக்குச் சாம்பாரா ரசமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். ரசம் ரெண்டு ஓட்டில் ஜெயித்தது. சாம்பார்க்காரர்கள் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

நான் எழுந்து நின்று "தலைவர் அவர்களே" என்பேன். பதினைந்து பேரும் கேட்பார்கள். ஏலே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசுக்கு நன்றாக இருக்கிறது.

அந்த வருசம் என்னைக் காரியதரிசியாகப் போட்டிருந்தார்கள். போடுவது சீட்டு எழுதித்தான். வெள்ளைச் சீட்டு கொடுப்பார்கள். வேண்டியவர் பேரை எழுதி, கீழே நம் பேரையும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வேண்டும். பேர் இல்லாத சீட்டு செல்லாது. உபதேசியார் அதை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டுவிடுவார்.

உபதேசியார் எங்கள் தெருவிலேயே குடியிருந்து சபையைப் பார்த்துக்கொண்டவர். ஐயர், அதாவது குருவானவர், தேனியிலிருந்து மாதம் ஒருதரம் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். பேர் எழுதுகிற வழக்கத்தை வைத்ததும் அவர்தான். அவருக்கு முன்னால் இருந்தவர் மேல் யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். ஒன்று இல்லை, ஏழெட்டு. அந்த மனிதரை மாற்றிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு வண்டி ஏறிப் போனார். எழுதினது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. தெருவில் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவர் முதல் ஞாயிறே சொல்லிவிட்டார்.

"இந்தச் சபையில பேரு போடாத காயிதம் செல்லாது. ஆண்டவருக்கு முன்னால சொல்ல முடிஞ்சத மனுசனுக்கு முன்னாலயும் சொல்லணும். முடியலன்னா சொல்லாத."

அதில் எல்லாருக்கும் சம்மதம். எங்களுக்கு அது ஊறிப்போயிற்று. மறைத்து எழுதினால் மொட்டைக் கடுதாசி, மறைக்காமல் எழுதினால் மனுசன். நான் வளர்ந்தது அப்படித்தான்.

ஞாயிறு ஆராதனையில் ஆளுகிறவர்களுக்காக ஜெபம் பண்ணுவோம். ஜனாதிபதிக்கு, பிரதமருக்கு, முதலமைச்சருக்கு. டில்லிக்கு யார் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஜெபம் பண்ணுவோம். வார்டு மெம்பருக்கு ஜெபம் பண்ணினதே இல்லை. வார்டு மெம்பர் என்று ஒருத்தர் இருப்பதையே எங்கள் தெரு கண்டுகொள்ளவில்லை. எங்கள் தெருவை அவரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு இருபத்தொன்று முடிந்த பிறகு பஞ்சாயத்து எலெக்சன் வந்தது. அப்போது இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு. சங்கத்தில் பதினோரு பேருக்கு அதுதான் முதல் ஓட்டு. எங்கள் வார்டில் ரெண்டு பேர் நின்றார்கள். ஏணிச் சின்னத்தில் நின்றவர் நிலக்காரர். வாய்க்கால் கரையைச் சீவின வயல்காரர் அவர்தான். குடைச் சின்னத்தில் நின்றவர் ரெண்டு ஏக்கர் வைத்து விவசாயம் பார்த்த சம்சாரி. அவருடைய வயல் கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கே.

குடைக்காரர் எங்கள் தெருவுக்குள் வந்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தெரு முனையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டு வாசலில் கிடந்த உரல் மேல் உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பதற்றமாகிவிட்டது. பாய் எடுத்து வரப் போனாள்.

"இருக்கட்டும் ஆத்தா. என்ன வேணும்னு சொல்லு."

"பாதை வேணுமய்யா. தோட்டத்துக்குப் போக."

"அந்த வாய்க்கா கரை சர்க்காரு பொறம்போக்கு. அளந்தா எட்டடி இருக்கும். பஞ்சாயத்துல ஒரு தீர்மானம் போட்டா அளந்துருவாக. நான் போடுறேன்."

"போடுங்க. எங்க வீட்டுல ரெண்டு ஓட்டும் உங்களுக்குத்தான்."

"அதுக்குள்ள எங்கயும் கெளம்பிராத."

"கெளம்புறவுக சொல்லிக்கிட்டா கெளம்புவாக?"

அவர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

உபதேசியாருக்கு இது பிடிக்கவில்லை. வாலிபர் கூட்டத்துக்கு வந்து சொன்னார்.

"நம்ம ஊரு இது இல்ல. நம்ம ஊரு மேல இருக்கு. கொடியப் புடிச்சுக்கிட்டு அலையுறது நமக்கு வேண்டாம். யாரு வந்தாலும் அவுகளுக்காக ஜெபம் பண்ணுவோம். அதோட நம்ம வேலை முடிஞ்சது."

தையல் படித்த பெண் ஒருத்தி சங்கத்தில் இருந்தாள். வாய் ஜாஸ்தி. அவள் எழுந்தாள்.

"மேல போறதுக்கு முன்னால தோட்டம் வரைக்குமாவது போகணும்ல ஐயா. அதுக்கே பாதை இல்லையே."

எல்லாரும் சிரித்துவிட்டோம். உபதேசியார் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். அப்புறம் சொன்னார், "போடுறவுக போடுங்க. நான் தடுக்கல. ஆனா காசு வாங்காதீக, பொய் சொல்லாதீக." அதோடு போய்விட்டார்.

காசு யாரும் வாங்கவில்லை. ஆனால் ஏணிக்காரரின் ஆட்கள் டீக்கடையில் ஒரு பேச்சுப் பேசினார்கள். நான் சைக்கிளில் போகும்போது எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

"வேதக்காரவுக ரெண்டு பந்தியிலயும் சாப்புடுவாகடா. இவர்ட்டயும் சரின்னுவாக, அவர்ட்டயும் சரின்னுவாக. எவருக்குக் குத்துனாகன்னு அவுக சாமிக்குத்தான் தெரியும்."

இன்னொருத்தன் சொன்னான், "வயலு வேலை நம்மகிட்ட. ஓட்டு மட்டும் குடைக்காரருக்கா? போடுவாகளா? பயம் இருக்காது?"

அது என்னைச் சுட்டது. நாங்கள் சொன்ன சொல் மாறுகிறவர்கள் இல்லை. அதை எப்படிக் காட்டுவது?

எலெக்சனுக்கு முந்தின ஞாயிறு கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன்.

"தலைவர் அவர்களே. நம்ம ஓட்டு யாருக்குன்னு தெரியணும். நாளைக்கு நம்மள யாரும் பொய்யன்னு சொல்லக் கூடாது. அதனால ஓட்டுச் சீட்டுல முத்திரை குத்தி, கீழ நம்ம பேர எழுதிருவோம். சபையில எழுதுற மாதிரி."

 பேர் எழுதினால் ஏணிக்காரருக்கும் தெரிந்துவிடும். அவர் வயலில் வேலை கிடைக்காது. எல்லாருக்கும் அது புரிந்தது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, "வேலை போயிரும்ல," என்றாள். பிறகு அவளே, "போனாப் போகுது," என்றாள்.

தையல்காரி மட்டும் கேட்டாள்.

"சர்க்காரு சீட்டுல நம்ம பாட்டுக்கு எழுதலாமா காரியதரிசி?"

"ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"ஒளிக்கச் சொல்லல. எழுதலாமான்னு கேக்கேன்."

"பேரு இல்லாத சீட்டு எப்பிடிச் செல்லும்? நீயே சொல்லு."

 ஆண்டவருக்கு முன்னால் பேர் போடுகிறவர்கள் சர்க்காருக்கு முன்னால் போட மாட்டோமா என்று நான் கேட்டேன். அவளே வழிமொழிந்தாள். மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். யாரையும் போய்க் கேட்கவில்லை. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சரியாகப் பட்டது.

ஓட்டுச் சாவடி பள்ளிக்கூடத்தில். காலையிலேயே போய்விட்டோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெண்கள் கோயில் சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். பண்டிகைக்குப் போகிற மாதிரி இருந்தது. வரிசையில் நின்றோம். முன்னால் நிலக்காரர்கள், பின்னால் நாங்கள் என்று இல்லை. வந்த வரிசைதான். எனக்கு முன்னால் ஏணிக்காரரின் மச்சான் நின்றான். அவன் பின்னால் நான் நின்றேன். வேறு எங்கேயும் அப்படி நின்றதில்லை. 

லோடு கணக்குக்கு வைத்திருக்கிற, நனைத்தால் மை போல எழுதுகிற காப்பிங் பென்சில் என் சட்டைப்பையில் இருந்தது. விரலில் மை வைத்தார்கள். சீட்டு கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குள் போனேன். குடை மேல் முத்திரை குத்தினேன். பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, கீழே என் பேரை எழுதினேன். அழகாக எழுதினேன். பென்சிலை அங்கேயே அட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். அடுத்தவன் போனான். அதற்கடுத்து தையல்காரி. அப்படியே பதினோரு பேரும். ஒருத்தனுக்கு எழுதத் தெரியாது. விரலில் வைத்த மை காய்வதற்குள் சீட்டில் ஒற்றிவிட்டான். கடைசியாகப் போனவன் பென்சிலை எடுத்து வந்து கொடுத்தான். வெளியே வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பெரிய காரியம் பண்ணிவிட்ட சந்தோசம். தெரு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே போனோம்.

அம்மாவும் ஓட்டுப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரியாது. முத்திரையைக் குத்தி மடித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

ஓட்டு எண்ணினது யூனியன் ஆபீசில். நாங்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே மேசை. எண்ணுகிற அதிகாரி, ரெண்டு வேட்பாளர்கள், ஆளுக்கு ஒரு ஏஜெண்டு. அதிகாரி சீட்டைப் பிரித்துக் காட்டிக் காட்டி வைத்தார். குடைக்கு ஒரு அடுக்கு. ஏணிக்கு ஒரு அடுக்கு. திடீரென்று ஒரு சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தனியாக வைத்தார்.

"இது செல்லாது. பேர் எழுதியிருக்கு."

 குடைக்காரர் கேட்டார், "குடை மேலதானய்யா குத்தியிருக்கு?"

"குத்தியிருக்காங்க. ஆனா போட்டது யாருன்னு தெரியுற மாதிரி எழுதியிருந்தா செல்லாது. சட்டம் அப்படி. ரகசிய ஓட்டு."

அப்புறம் இன்னொன்று. இன்னொன்று. ஏணிக்காரரின் ஏஜெண்டு எட்டிப் பார்த்து ஒவ்வொரு பேராகச் சத்தம் போட்டு வாசித்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. என் பேரை வாசித்தான். தையல்காரியின் பேரை வாசித்தான். விரல் ஒற்றின சீட்டைத் தூக்கிப் பிடித்து, "ஏலே, இது யாரு விரலுடா?" என்றான். உள்ளே சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். ஏணிக்காரரும் சிரிக்கவில்லை. அவர் பேர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோரு ஓட்டும் போயிற்று. குடைக்காரர் ஆறு ஓட்டில் தோற்றார்.

நான் சன்னலை விட்டு வந்து புளியமரத்தடியில் நின்றேன். அவர் வெளியே வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே, பேரு எழுதச் சொன்னது யாரு?"

"நான்தாங்கய்யா."

"எதுக்குடா?"

"சொன்ன சொல்லு மாறலன்னு தெரியணும்னு."

என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

"நாட்டுல எத்தனையோ பேரு எலெக்சன்ல நிக்காக. எவன் போட்டான்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்டா. பேரோட தெரியும். வா, டீ குடிப்போம்."

டீக்கடையில் நான், "ஐயா," என்று ஆரம்பித்தேன். "அண்ணேன்னு சொல்லு," என்றார். அன்றிலிருந்து அண்ணன்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடியைக் கோயில் காணிக்கைப் பானையில் போட்டாள்.

"அப்ப என் ஓட்டு செல்லும்?"

"செல்லும்மா."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக ஓட்டுத்தான் செல்லலையாக்கும்."

அதோடு விட்டுவிட்டாள். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உபதேசியார் சாயங்காலம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உரலில் உட்கார்ந்தார். 

"அந்த முறைய இங்கன வச்சது நான்தான்," என்றார். "வெளிய வேற முறை இருக்குன்னு நான் சொல்லித் தரல. எனக்கே தெரியாது. நான் ஓட்டே போட்டதில்ல."

அடுத்த ஞாயிறு ஆளுகிறவர்களுக்கான ஜெபத்தில் ஜனாதிபதி, பிரதமர், முதலமைச்சர் என்று வரிசையாகச் சொன்னார். அப்புறம், "எங்கள் வார்டு மெம்பருக்காகவும்," என்றார். ஏணிக்காரருக்காக. சபை திகைத்துப் போயிற்று. ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் தையல்காரி முழங்கையால் இடித்தாள். சொன்னேன்.

ஏணிக்காரர் எங்கள் தெரு ஆட்களை நடவுக்குக் கூப்பிடவில்லை. ஒரு போகம் முழுக்கக் கூப்பிடவில்லை. பெண்கள் அனுமந்தன்பட்டிப் பக்கம் நடந்து போய் வேலை பார்த்தார்கள். அடுத்த போகத்துக்கு ஆள் பற்றாமல் கூப்பிட்டார். அவர்களும் போனார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தோற்றவர்களை அவர் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கரையை மட்டும் விடவில்லை.

வாலிபர் கூட்டத்தில் என்னைக் காரியதரிசி வேலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். யாரும் வழிமொழியவில்லை. தையல்காரி, "செஞ்ச தப்ப நீயே மினிட்ஸுல எழுது," என்றாள். எழுதினேன். பின்னால் அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் ஏதாவது சண்டை வந்தால், "பேரு எழுதிப் போட்ட ஆளுதானே," என்பாள். சண்டை அதோடு நின்றுவிடும்.

அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. இருபத்தொன்று ஆனவர்களைக் கோயிலில் உட்கார வைத்து, ஓட்டுப் போடுகிற முறையைச் சொல்லிக் கொடுப்போம். அட்டை வைத்து மறைத்து, மரக்கட்டையில் முத்திரை செய்து பழக்குவோம். எதுவும் எழுதக் கூடாது என்று நான்தான் சொல்வேன். ஒரு பையன் கேட்டான், "சபையில எழுதணும், அங்கன எழுதக் கூடாதா?" ஆமாம் என்றேன். "ஏன்?" என்றான். பயப்படுகிறவனும் பயப்படாமல் போட வேண்டும், அதற்காகத்தான் மறைப்பு என்றேன். அது எனக்கே சொல்லும்போதுதான் புரிந்தது. எங்கள் பதினோரு பேருக்குப் பயமில்லை. எல்லாரும் எங்களைப் போல் இல்லை. எங்கள் தெருவிலேயே பயந்து ஏணிக்குக் குத்தினவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களையும் மறைப்பு காப்பாற்றிற்று.

அடுத்த எலெக்சனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அடுத்த எலெக்சன் வரவில்லை. வருசம் வருசமாகத் தள்ளிப் போட்டார்கள். சட்டசபைக்கு வரும், டில்லிக்கு வரும், பஞ்சாயத்துக்கு வராது. எனக்கு ரெண்டு பிள்ளைகள் பிறந்தன. எங்கள் தெருவில் அதற்குள் நாலைந்து சாவு. ஒவ்வொன்றுக்கும் சேற்றில் இறங்கினோம். இறங்குகிறவன் நான்தான். வேறு யாரையும் விட மாட்டேன்.

எண்பதுகளில் ஒருவழியாக எலெக்சன் வந்தது. அண்ணன் மறுபடியும் நின்றார். ஜெயித்தார். கரையை அளந்தார்கள். அவர் சொன்ன மாதிரியே எட்டடி இருந்தது. மண் போட்டார்கள். இன்றைக்கு அதில் ஆட்டோ போகும். அந்த எலெக்சனில் நான் வெறும் முத்திரை மட்டும் குத்தி மடித்துப் போட்டேன். கை கூசத்தான் செய்தது.

ஆனால் அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள்.

கார்த்திகை மாதம். காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் காலையில் கஞ்சி கொடுத்தேன். ரெண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள்.

"பாதை வந்துருச்சாப்பா?"

அவளுக்குக் கண் சரியாகத் தெரியாமல் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. தெருவை விட்டு வெளியே போவதும் இல்லை. வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடு என்கிற மாதிரி பார்த்தாள். எனக்கு வரவில்லை.

"வரலம்மா."

அம்மா தலையை ஆட்டினாள்.

"தெரியும். நீ என்ன சொல்றேன்னு பாத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவாத் தூக்குங்க," என்றாள்.

மத்தியானம் போய்விட்டாள்.

அண்ணன் வந்தார். மாலை போட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எப்படிக் கொண்டு போகப் போற?"

"எப்பவும் போற வழிதான்."

"அங்கன இடுப்பு வரைக்கும் தண்ணி நிக்கிது. கெழக்க சுத்தி என் வயலு வழியா வா. கொஞ்சம் தூரம்தான். மேடு. தண்ணிய நேத்தே வடிச்சுட்டேன்."

"பயிரு நிக்கிதேண்ணே. கதிரு வாங்குற நேரம்."

"நிக்கட்டும். நடங்க."

"மிதிபட்டுப் போகுமே."

"ஏலே, கேக்காம நான் குடுக்கேன். உங்கப்பாவத் தூக்கும்போது நீ கேட்டியா? உங்க தெருவுல ஒருத்தர் வந்து கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். உங்கப்பனப் போட்டுட்டு வந்தீக, எனக்கு மறுநாளுதான் தெரியும்."

நாங்கள் கேட்டதே இல்லை. உண்மைதான். ஜெபம் பண்ணினோம். ஓட்டுப் போட்டோம். பக்கத்து வயல்காரரிடம் போய்க் கேட்கவில்லை.

உபதேசியார் முன்னால் நடந்தார். அவருக்கும் வயசாகிவிட்டது. பாட்டு எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்கு நாலு பக்கமும் நாலு பேர். நாலு பேரும் ஒரே மட்டத்தில் நடந்தோம். அதுவரை எந்தப் பெட்டியும் அப்படிப் போனதில்லை. அண்ணனும் அவர் மகனும் முன்னால் போய் மண்வெட்டியால் குறுக்கு வரப்பை வெட்டி வழி விட்டார்கள். கடைசியில் இருந்த வாய்க்காலில் ரெண்டு தென்னை மரத்தைப் போட்டு, மேலே மண் கொட்டி வைத்திருந்தார்கள். பயிர் இடுப்பு உயரம் இருந்தது. ரெண்டு பக்கமும் சாய்ந்து கொடுத்தது. காலுக்குக் கீழே ஈர மண். சேறு இல்லை.

மெதுவாகத்தான் தூக்கினோம்.

குழியில் இறக்கும்போது பெட்டியைப் பார்த்தேன். காய்ந்த மரமாக இருந்தது. உபதேசியார் மண் அள்ளிப் போட்டார். நான் போட்டேன். அண்ணன் தள்ளி நின்றார். வரச் சொன்னேன். வந்து அவரும் மூன்று கை போட்டார்.

திரும்பும்போது ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரப்பு ஓரமாகவே வந்தோம். பயிரில் யாரும் கால் வைக்கவில்லை.